பென்சில் குச்சி சொன்ன சாட்சி

2006 வாக்கில் நடந்தது இது. மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், தீபாவளி விடுமுறைக்கு வடகவுஞ்சி என்ற மலைக்கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என் அம்மா. அந்தத் தீபாவளிச் சமயம் ஒரு பீன்ஸ் தோட்டத்தில் தினக்கூலி.

என் ஆராய்ச்சி, அமிலத்தன்மையை, அதாவது புளிப்பை, அளக்கும் ஒரு குட்டி சென்சர். பென் பென்சிலில் போடுவோமே ஒல்லிக் குச்சி, அதன் முனையில், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள நுண்ணிழைகளைப் படியவைத்திருந்தேன். ஈரத்தில் குத்தினால், புளிப்புக்கு ஏற்ப மல்டிமீட்டரில் எண் மாறும். "லேப்ல சரி, வெளியில தாங்குமா?" என்று பேராசிரியர் இழுத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பார்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் அடைத்து ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன்.

வந்தால், வீடு இழவு வீடு மாதிரி கிடந்தது. தோட்டத்தில் பீன்ஸ் செடியெல்லாம் மஞ்சளடித்துவிட்டதாம். எங்கள் மலை மண் புளிப்பு. சுண்ணாம்பு போட்டால்தான் பீன்ஸ் தேறும். சுண்ணாம்பு தூவிய பெண்களுக்கு அம்மாதான் பொறுப்பு. தூவாமலே மூட்டைகளை வெளியே விற்றுத் தள்ளிவிட்டதாகத் தோட்டக்காரர் நாலு பேர் முன்னால் சொல்லி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். திருடி என்று பேர் விழுந்துவிட்டால் பிறகு எந்தத் தோட்டத்திலும் ஏற்றமாட்டார்கள். "நான் எடுக்கல புள்ள, நீயே அளந்து பாரு" என்று மட்டும் சொன்னார் அம்மா.

மறுநாள் வெள்ளனே டப்பாவோடு கிளம்பினேன். அம்மாவும் வந்தார். தோட்டக்காரர் சிரித்தார்.

"ஏம் பாப்பா, இந்தக் குச்சியா மண்ணு சங்கதியச் சொல்லப்போகுது? சரி, அளந்து பாரு. ஒங்கம்மா தள்ளி நிக்கட்டும். ஒத்த வார்த்தை பேசக் கூடாது."

மொத்தம் எட்டுப் பாத்தி. ஒவ்வொன்றிலும் அங்கங்கே ஒரு சிட்டிகை மண்ணெடுத்து, டப்பா மூடியில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குத்தினேன். ஐந்து பாத்திவரை சுண்ணாம்பு விழுந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. அவர் சிரிப்பு அடங்கியது. ஆறாவதிலும் பாதிவரை சரி. மறுபாதியில் எண் தடாலென்று மாறி, அசல் புளிப்பைக் காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். அதே எண். கடைசி இரண்டு பாத்தியும் அப்படியே.

ஐயோ, அம்மா உண்மையிலேயே...? ஒரு நிமிடம் அப்படி நினைத்தேன். சென்சர் கெட்டுவிட்டது என்று புளுகிவிடலாமா என்றும் நினைத்தேன். வாய் வரவில்லை.

"இங்கேருந்து சுண்ணாம்பு இல்லைங்க" என்றேன்.

"பாத்தியாம்மா?" என்று அவர் திரும்பினார். அம்மா துளிகூட அசரவில்லை.

"புள்ள சரியாத்தான் சொல்லுது மொதலாளி. அந்த எடத்துலதான் மழை பிடிச்சுக்கிச்சு. மிச்ச மூட்டைய பம்பு ரூமுல வச்சோம். அன்னிக்கே சொன்னேன், நீங்க போன்ல பேசிக்கிட்டே தலையாட்டுனீங்க. திருடின்னு சொன்னப்பவும் என்னையப் பேசவே விடல."

பம்பு ரூம் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், கல்லாக இறுகிக் கிடந்தன அந்த மூட்டைகள். செடி மஞ்சளடித்தது வேரில் தண்ணீர் தேங்கியதால் என்பதும் பிறகு தெரிந்தது.

"மனசுல வச்சுக்காதம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார் அவர்.

"நாலு பேரு முன்னாலதானே திருடின்னு சொன்னீங்க? இதையும் அவங்க முன்னாலயே சொல்லிருங்க" என்றார் அம்மா. அத்தனை பெண்களையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார் மனிதர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "ஒரு நிமிசம் என்னைச் சந்தேகப்பட்டல்ல?" என்று கேட்டார் அம்மா. தலையைக் குனிந்தேன். "போகுது விடு. பொய் சொல்லாம அளந்தியே, அது போதும் புள்ள" என்றார்.

எனக்குத் தெரியாத, அம்மாவுக்குத் தெரிந்த அந்த அரைப் பாத்தியை என் குச்சி சரியாகக் கண்டுபிடித்தது. முனைவர் பட்டம் பிறகுதான் வந்தது. என் சென்சருக்குக் கிடைத்த முதல் சான்றிதழ், கைநாட்டு வைக்கும் என் அம்மா கொடுத்தது என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.