வலப்பக்கத்துப் பால்கனி

ஜெர்மனியின் கடலோர ஊரான வார்னெமுண்டேயில் அல்மூட் பாகல்ஸைப் பாதிப் பேர் டிராம் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருப்பார்கள். மீதிப் பேர் துணியில்லாமல் பார்த்திருப்பார்கள். இதில் விரசம் எதுவும் கிடையாது. பக்கத்து ரோஸ்டாக் நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். கடற்கரையின் மேற்குக் கோடியில் உடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. கோடைக்காலக் காலைகளில் அவளும் அவள் கூட்டாளிகளும் அங்கேதான் கிடப்பார்கள். குளிப்பார்கள், பிளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் குடிப்பார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். அவர்களில் ஒருவரை மீன் கடையில் கோட்டும் தொப்பியுமாகப் பார்த்தால் யாரென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அவள் கணவன் எக்கார்ட்டையே அப்படித்தான் ஒருமுறை கோட்டைவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தைய கதை அது. கடற்கரையில் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தவன், ஒருநாள் கப்பல் பட்டறை உடுப்போடு அவள் டிராமில் ஏறினான். முன்பக்கம் வந்து நின்று சிரித்தான். "ஓட்டும்போது ஓட்டுநரோட பேசக்கூடாது. பின்னால போங்க" என்றாள் அல்மூட். அவன் பின்னால் போனான். அதோடு கோடை முடியும்வரை பேசவில்லை. எக்கார்ட்டின் கோபம் சத்தம் போடாது. ஈரத் துணிபோல நாள்கணக்கில் கிடந்து காயும்.

அவர்கள் குளிக்கிற நேரத்தில்தான் பெரிய உல்லாசக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் வரும். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகப் பால்கனிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் குளியல் அங்கி போட்ட ஒருவர், கையில் காபிக் கோப்பை. சிலர் கையில் தொலைநோக்கி.

"பாரு, எண்ணுறானுங்க" என்பாள் அல்மூட்டின் தோழி மார்லீஸ், வயிற்றைத் தட்டிக்கொண்டு. "நல்லா எண்ணுங்கடா. மடிப்பு எத்தனைன்னு எனக்கும் சொல்லிட்டுப் போங்க."

எக்கார்ட் மட்டும் திரும்பியே பார்க்க மாட்டான். ஆயுள் முழுக்கக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். கிரேன்காரனுக்குக் கீழே நின்று கையசைத்து, இரும்புத் தகடுகளை இடம் பார்த்து இறக்க வைப்பவன். "கிழக்கு ஜெர்மனி காலத்துல கட்டச் சொன்னாங்க, ஏறக்கூடாதுன்னாங்க. இப்ப ஏறுங்கறாங்க. எனக்கு வேணாம்" என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அல்மூட்டுக்கு வேண்டியிருந்தது. அந்தப் பால்கனி ஒன்றில் நின்று தன் கரையை ஒருமுறை பார்க்க வேண்டும். கரையில் தன் ஆட்கள் நின்று கையாட்ட வேண்டும். எழுபதாவது பிறந்தநாளுக்கு வேறெதுவும் கேட்க மாட்டேன் என்றாள். எக்கார்ட் அசையவில்லை. சரி, தனியாகப் போகிறேன் என்று பயண அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அங்கே இருந்த பெண், "கிளம்பும்போது கடற்கரை தெரியணும்னா இடப்பக்கத்து அறை எடுங்க மேடம்" என்றாள்.

"பொண்ணே, நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் இந்தக் கப்பலுங்களைப் பார்த்துக்கிட்டிருக்கேன். எங்க கரையைப் பார்த்து வர்றது வலப்பக்கம்தான். அதையே போடு."

அந்தப் பெண் போட்டுவிட்டாள்.

மார்லீஸ், லூட்ஸ் முதலான கூட்டாளிகளிடம் அல்மூட் ஏற்பாட்டைச் சொன்னாள். கிளம்பும் மாலை எல்லோரும் துறைமுக வாயிலில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீளும் கற்சுவருக்கு வர வேண்டும். கப்பல் அதை ஒட்டித்தான் போகும். அவளுடைய மஞ்சள் குளியல் துண்டு பால்கனிக் கம்பியில் தொங்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துக் கையாட்ட வேண்டும்.

"நீயும் வருவியா எக்கி?"

"துணி மாட்டிக்கிட்டு அந்தக் கும்பல்ல நின்னு கப்பலுக்கு டாட்டா காட்டவா? லூட்ஸ் வருவான். அவனுக்குப் பறவை பார்க்கிற தொலைநோக்கியும் இருக்கு."

"லூட்ஸ் என் புருஷன் இல்ல."

அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். அறை எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நொடியே சொல்லியிருப்பான். அவளும் தானாகச் சொல்லவில்லை. கேட்காதவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

கப்பலில் ஏறி அறைக் கதவைத் திறந்ததும் அல்மூட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. பால்கனிக்கு நேரே ஊர். கலங்கரை விளக்கம், ரயில் நிலையம், மீன் படகுகள், எல்லாம் மாலை வெயிலில் பளிச்சென்று இருந்தன. துணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெள்ளை அங்கியை மாட்டினாள். மஞ்சள் துண்டைக் கம்பியில் கட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கப்பல் ஊதியது. கரையை விட்டு விலகியது. பிறகு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

முதலில் மீன் படகுகள் பக்கத்து பால்கனித் தடுப்புக்குப் பின்னால் போயின. பிறகு ரயில் நிலையம். பிறகு கலங்கரை விளக்கம். அவள் மடியிலிருந்த வெயில் எழுந்து போனது. எதிரே நிழலில் மறுகரை வந்து நின்றது. பாய்மரப் படகுகளும் யாருமில்லாத புல்தரையும்.

காலையில் உள்ளே வரும் கப்பல் மாலையில் திரும்பித்தான் வெளியே போகும். வரும்போது ஊர்க்கரையைப் பார்த்த பக்கம் போகும்போது மறுகரையைத்தான் பார்க்கும். மாலையில் கப்பல்கள் கிளம்பும் நேரத்துக்கு அவர்கள் எப்போதும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஊதல் மட்டும் கேட்கும். அவள் பார்த்ததெல்லாம் காலைக் கப்பல்கள். ஆனாலும் டிராம் ஓட்டினவளுக்கு இது தெரியாதா? போகும்போது இடப்பக்கம் இருந்த தேவாலயக் கோபுரம் வரும்போது வலப்பக்கம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்த சங்கதி.

எழுந்து ஓடினாள். மேல்தளத்துக்குப் போகும் கதவருகே ஒரு பணியாளன் பணிவாக வழிமறித்தான்.

"மேடம், அங்கி அறைக்குள்ள மட்டும்தான். வெளியில உடை வேணும்."

"தம்பி, ஒரு நிமிஷம். என் புருஷன் அங்க..."

"மன்னிக்கணும் மேடம். வெறுங்காலோடயும் வேண்டாம்."

திரும்ப ஓடினாள். சட்டை, ஸ்கர்ட், செருப்பு. வாழ்நாளில் துணி உடுத்துவதை அவ்வளவு வெறுத்ததில்லை. மின்தூக்கியில் கூட்டம். படியேறி மேலே வந்தபோது இடப்பக்கக் கம்பியோரம் நெட்டை நெட்டையாக முதுகுகள். இடித்துப் புகுந்து எட்டிப் பார்த்தாள். கற்சுவர் பின்னால் போயிருந்தது. அதன்மேல் கடுகு கொட்டியதுபோல் ஜனம்.

அறைக்குத் திரும்பினால் மஞ்சள் துண்டு மடித்துக் கட்டிலின்மேல் இருந்தது. அறையைக் கவனிக்கும் வயான் கதவருகே நின்றிருந்தான். பாலித் தீவுக்காரன். "கம்பியில எதையும் தொங்கவிடக் கூடாது மேடம். காத்துல பறந்துடும்" என்றான்.

கரையின் சிக்னல் அறுவதற்குள் வீட்டுக்கு போன் அடித்தாள்.

"எக்கி, வந்திருந்தியா?"

"நின்னு பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப வந்தியா?"

"சூப் ஆறுது" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் கோபன்ஹேகனில் இறங்கியதும் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மார்லீஸைக் கூப்பிட்டாள், அவள் எடுத்தாள்.

"அடியே, எங்கடி போய்த் தொலைஞ்ச? அந்த மனுஷன் சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தான்டி! இஸ்திரி போட்ட சட்டை. லூட்ஸ் அவனைத் தாண்டிப் போய் நின்னுக்கிட்டு, 'எக்கி இன்னும் வரலையே'ன்னு என்கிட்ட கேக்கறான்."

அல்மூட் போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"மஞ்சத் துண்டு எங்க, மஞ்சத் துண்டு எங்கன்னு ஒவ்வொரு பால்கனியா தேடினோம். எவளோ மஞ்சச் சட்டை போட்டு நின்னா. எக்கி முந்திக்கிட்டுக் கையை ஆட்டிட்டான், ரெண்டு கையையும். அப்புறம் பார்த்தா அது யாரோ. கையை இறக்கிப் பாக்கெட்ல விட்டவன்தான், அதுக்கப்புறம் வாயே தொறக்கல."

"நான் தப்பான பக்கம் அறை எடுத்துட்டேன் மார்லீஸ். அவன்கிட்ட சொல்லு."

மார்லீஸ் சிரித்து முடிக்க நேரமானது. சொல்கிறேன் என்றாள். அடுத்த துறைமுகத்தில் பதில் வந்தது. "நம்பமாட்டேங்கறான்டி. 'டிராம் ஓட்டினவளுக்கு இடம் வலம் தெரியாதா? உள்ள உக்காந்து ஷாம்பெயின் குடிச்சிருப்பா, இப்ப கதை கட்டறா'ங்கறான். காலையில குளிக்கவும் வர்றதில்ல."

பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்போல. தலை சுற்றியது, மயங்கி விழுந்தேன் என்றிருக்கலாம். உண்மையைச் சொன்னதுதான் குற்றமாகிவிட்டது.

மிச்ச நாள்கள் பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள்ளாகக் கழிந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல உடுப்பு வேண்டும் என்றார்கள். கொண்டுவந்த ஒரே கவுனைத் தினமும் மாட்டினாள். ஒருநாள் நடுக்கடலில், கண்ணுக்கெட்டியவரை தண்ணீர்தானே என்று பால்கனியில் துணியில்லாமல் உட்கார்ந்தாள். வயான் வந்து கதவைத் தட்டி, தன் செருப்பையே பார்த்தபடி பேசினான். "மேடம், பக்கத்து அறையில சொல்லியிருக்காங்க."

பக்கத்து அறையில் பவேரியாவிலிருந்து வந்த திருமதி ஷ்டாட்லர். சாப்பாட்டு மேசையிலும் அவள்தான் பக்கம். ஸ்வீடன் தீவு ஒன்றில் 'ஆடை உங்கள் விருப்பம்' என்று விளம்பரம் போட்ட கடற்கரைக்குப் பேருந்து விட்டார்கள். அதிலும் அவளேதான் பக்கத்து இருக்கை.

"நீங்களும் சும்மா பார்க்கத்தானே வர்றீங்க?" என்றாள் ரகசியக் குரலில்.

"குளிக்க வர்றேன்" என்றாள் அல்மூட்.

பேருந்தில் வந்தவர்களில் அவள் ஒருத்திதான் துணி அவிழ்த்தாள். மற்றவர்கள் தொப்பியும் ஷூவுமாக மணலில் உட்கார்ந்து, பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டு கடலைப் பார்த்தார்கள். கடலில் அவள் மட்டும் இருந்தாள். தண்ணீர் சில்லென்று நன்றாக இருந்தது. கப்பலில் ஏறியதிலிருந்து முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. ஆனால் கரையேறியபோது கை தன்னால் நீண்டுவிட்டது. எப்போதும் எக்கார்ட்தான் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். இங்கே வழிகாட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தான், பேருந்து கிளம்புகிறதென்று.

கடைசித் துறைமுகத்திலிருந்து மார்லீஸைக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில கப்பல் உள்ள வரும். அப்ப என் பக்கம்தான் கரையைப் பார்க்கும். எப்பாடுபட்டாவது அவனைத் தண்ணிக்கு இழுத்துட்டு வா. லூட்ஸோட தொலைநோக்கியும் வேணும்."

"துண்டைக் கட்டுவியா?"

"விடமாட்டாங்க."

"அப்புறம் எப்படிடி உன்னைக் கண்டுபிடிக்கிறது? அத்தனை பேரும் ஒரே வெள்ளை அங்கி!"

"அதை நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் மேகம் மூடிய காலை. வலப்பக்கம் முழுக்கக் காபிக் கோப்பைகளோடு வெள்ளை அங்கிகள். தூரத்தில் கரை தெரிந்தது. மணல் கீற்று, அதன் ஓரத்தில் புள்ளிகள். எந்தப் புள்ளி எவர் என்று வெறுங்கண்ணுக்குப் புரியவில்லை. பக்கத்து பால்கனியில் திருமதி ஷ்டாட்லர் தொலைநோக்கியோடு நிற்பது தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தத் தொலைநோக்கிக்காரர்களைத் திட்டியிருக்கிறாள். வேறு வழியில்லை. அங்கியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுத் தடுப்பைத் தட்டினாள்.

"அதைக் கொஞ்சம் குடுங்களேன்."

திருமதி ஷ்டாட்லர் திரும்பினாள். உடனே முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டாள். "எதைப் பார்க்கணும்?"

"என் புருஷனை."

"எங்க இருக்கார்?"

"கரையில. துணியில்லாம நிக்கிறாங்களே, அதுல ஒருத்தர்."

தொலைநோக்கி தடுப்பைத் தாண்டி வந்தது. மார்லீஸின் வயிறு தெரிந்தது. லூட்ஸ் தெரிந்தான். முழங்கால் தண்ணீரில், கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எக்கார்ட்டின் வெள்ளைத் தொப்பி. வந்துவிட்டான்!

அல்மூட் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். உடம்பு முழுவதும் குலுங்க ஆட்டினாள். வெள்ளை அங்கிகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் தோல் நிறத்தில் நின்றாள். மேலே எங்கோ ஒருவர் சீட்டியடித்தார். மார்லீஸ் பார்த்துவிட்டாள். எக்கார்ட்டின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் கையை உதறினான். மறுபடி திருப்பினாள். லூட்ஸ் தொலைநோக்கியை அவன் கண்ணில் கொண்டுபோய் வைத்தான்.

வெகுநேரம் பார்த்தான். அவளை, பிறகு கப்பலின் மூக்கை, பிறகு கப்பலின் பின்பக்கத்தை, மறுபடி அவளை. தொலைநோக்கியை லூட்ஸிடம் கொடுத்தான்.

கையை ஆட்டவில்லை. வலது கையை முழுசாக நீட்டி, காற்றைத் தள்ளுவதுபோல் ஒரு பக்கமாக வீசினான். திரும்பத் திரும்ப வீசினான். தகட்டைத் தப்பான இடத்தில் இறக்கப்போகும் கிரேன்காரனுக்குக் காட்டும் சைகை. அந்தப் பக்கம், மடையா, அந்தப் பக்கம்!

"தெரியும்டா!" என்று கத்தினாள் அல்மூட். "ஒரு வாரமா தெரியும்!"

"என்ன சொல்றார்?" என்றாள் திருமதி ஷ்டாட்லர், இன்னும் வானத்தைப் பார்த்தபடி.

"திட்டறார்."

"அடடா."

கற்சுவர் குறுக்கே வந்து கரையை மறைத்தது. கதவைத் தட்டினான் வயான். அல்மூட் அங்கியை மாட்டிக்கொண்டாள்.

இறங்க வெகுநேரம் பிடித்தது. வாயிலில் வண்டிக்காரர்களும் சொந்தக்காரர்களும் முண்டியடித்தார்கள். அல்மூட் எட்டி எட்டிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. திட்டிவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்திருப்பான். பெட்டியின் சக்கரம் ஒன்று கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. ஆத்திரத்தோடு இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து பெட்டியின் பிடியைப் பற்றியது.

"விடுங்க சார். எனக்கு ஆள் வேணாம்."

கை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நீலச் சட்டை, மடிப்புக் கலையாத கழுத்துப்பட்டை, ஈரத் தலை. ஒரு கணம் யாரென்றே பிடிபடவில்லை.

"பின்னால போகணுமா, இல்ல இங்கயே நிக்கலாமா?" என்றான் எக்கார்ட்.

"எக்கி..."

"பேசாத. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்." பெட்டியைக் கல்லிடுக்கிலிருந்து தூக்கி விடுவித்தான். "எந்தப் பக்கம் அறைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் நடந்தார்கள். ரயில் நிலையத்தைத் தாண்டினார்கள். அவன் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே வந்தான்.