கம்பியின் மேல் படர வேண்டிய தோல்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்து, கொழும்பில் இதய ரத்தக்குழாய்க்குள் சின்னக் கம்பிவலை வைத்து அனுப்பினார்கள். பிறகு மாதாமாதம் கரவனெல்லை ஆஸ்பத்திரியில் கிளினிக். டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அதனால் எல்லாவற்றையும் என்னிடம்தான் விளக்கினார்.

ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரு தோல் இருக்கிறதாம். வெங்காயச் சவ்வைவிட மெல்லியது. மலை ஏறும்போது குழாயை விரியச் சொல்வதும், ஓடுகிற ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். இவருக்குச் சீனி வியாதியும் புகையிலையும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டன. இனிக் கம்பியின் மேல் புதுத்தோல் படர வேண்டும். அதுவரை வெறும் கம்பியில் பட்டு ரத்தம் கட்டிவிடாமல் காப்பது மாத்திரைதான். "பெஹெத் நவத்தண்ட எபா," மருந்தை நிறுத்தக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நாங்கள் இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். இவர் திரும்ப வேலைக்குப் போன வாரமே கத்தி விரலைக் கீறிவிட்டது. மாத்திரை போடுவதால் ரத்தம் லேசில் நிற்கவில்லை. சட்டையெல்லாம் சிவப்பு. அன்றைக்குப் பிடித்தது சனி. பால் உறையாமல் இருக்க வாளியில் அமோனியா ஊற்றுவது எங்கள் வழக்கம்.

"எம் ரத்தத்துலயும் அமோனியா ஊத்திட்டாங்க புள்ள. ஒரு நாளைக்கு மரத்தடியிலயே வடிஞ்சி செத்துருவேன்."

"பேசாம முழுங்குங்க."

முழுங்கினார் என்றுதான் நம்பினேன். ஒரு நாள் காலை, மரத்தடியில் வெற்றிலையைத் துப்பிவிட்டு நகர்ந்தார். சிவந்த சக்கைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். பாதி கரைந்த மாத்திரை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து, மேலே வெற்றிலையைப் போட்டு மென்று துப்பியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுசன்.

எனக்கு ஆத்திரம் பாதி, பயம் பாதி. வெற்றிலைப் பையைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். கங்காணி கத்தக் கத்த அவரை லயத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அரைநாள் பேர் விழாமல் கூலி போனால் போகட்டும். வீட்டில் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.

"இனிமே எம் முன்னாலதான் போடணும். முழுங்கிட்டு நாக்கத் தூக்கிக் காட்டணும்."

"மறுபடி கத்தி பட்டா என்னா பண்ணுறது?"

"வெளிய பட்டா துணி வச்சிக் கட்டிருவேன். உள்ள அடைச்சா எங் கைய எங்க விடுவேன் நான்?"

மாத்திரையையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டார். பிறகு விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார்.