மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

இது அறுபதுகளின் நடுவில் பம்பாயில் நடந்தது. செம்பூரில் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு டிரஸ்ட் நடத்திவந்த போர்டிங் பள்ளியில் அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பான எஸ்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பாவுக்குத் தாராவியில் மளிகைக் கடை. பஸ் ஏறினால் வந்துவிடலாம், அப்புறம் எதற்குப் போர்டிங் என்று நீங்கள் கேட்கலாம். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு வீடு என்று தனியாக எதுவும் கிடையாது. கடைக்கு மேலே பலகை அடித்த பரணில்தான் அவரும், கடையில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களும் படுத்துக்கொள்வார்கள். குளிப்பது தெருக் குழாயில். அங்கே ஒரு பெண் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது? அதனால் பள்ளிக்கூடமே எனக்கு வீடாகிவிட்டது.

அந்தப் போர்டிங்கில் பெயரைவிட நம்பருக்குத்தான் மதிப்பு. சேரும்போதே ஒரு நம்பர் கொடுத்துவிடுவார்கள். தோபிக்குப் போகும் பாவாடை, தாவணி, தலையணை உறை எல்லாவற்றிலும் அதைச் சிவப்பு நூலால் தைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தி படிப்பை முடித்துப் போனால், ஜூன் மாதம் புதிதாக வருகிறவளுக்கு அதே நம்பர், அதே கட்டில், அதே அலமாரி. நான் பதினேழு. வார்டனிலிருந்து சமையல்கார அம்மாள் வரை எல்லோரும் என்னைப் 'பதினேழு' என்றுதான் கூப்பிடுவார்கள். என் உண்மைப் பெயர் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் பழைய மாணவிகள் தினம் வரும். அன்று ஒவ்வொரு பெண்ணும் தனக்கு முன்னால் அந்த நம்பரில் இருந்தவர்களுக்குத் தன் கையால் சாப்பாடு பரிமாற வேண்டும். இது யாரும் எழுதிவைக்காத சட்டம். சில பெண்களுக்கு அக்காக்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். சாக்லேட், ரிப்பன் என்று கை நிறைய வரும். எனக்கு வாய்த்ததோ ஒரே ஒருவர், எனக்கு நேர் முன்னால் பதினேழாக இருந்தவர். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். புகுந்த வீடு மாட்டுங்காவில். கஞ்சி போட்ட புடவையும் கைக்கடிகாரமுமாக, சிரிப்பே இல்லாமல் வந்து உட்காருவார். அவரைப் பதினேழு அக்கா என்று கூப்பிடுவோம்.

கடைசி வருஷம் நான் சாம்பார் ஊற்றக் குனிந்தபோது என் தாவணித் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார். ஒன்று ஒரு பக்கமும் ஏழு ஒரு பக்கமும் ஓடுகிறதே, இதுவா பதினேழு, பிரித்துத் தை என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ரிப்பனும் சாக்லேட்டுமாகத் திரிய, நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே தையலைப் பிரித்தேன். இந்த அம்மாளின் முகத்தில் இனிமேல் விழிக்க வேண்டாம் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

மார்ச்சில் பரீட்சை. அதற்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் முதுகிலும் முகத்திலும் கொப்புளங்கள். சின்னம்மை. பரீட்சை எழுதப்போகும் பெண்கள் அத்தனை பேரும் அங்கேயே இருந்ததால், என்னை உடனே வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லி அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியை நல்லவர். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் பரீட்சை நடக்கும் பள்ளியில் தனி அறையில் உட்கார வைக்கப் பேசியிருப்பதாகச் சொன்னார். ஆனால் அதற்கு நான் பம்பாயில் ஏதாவது ஒரு வீட்டில் இருந்தாக வேண்டும். வீட்டுக்கு எங்கே போவது?

அப்பா கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். தாராவியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் கைக்குழந்தைகள். கடையில் ஆம்பிளைகளுக்கு நடுவே என்னைப் படுக்கவைக்க முடியாது. அம்மைக்கு முதல் தண்ணீர் விட்டதும் ரயிலில் ஊருக்குக் கூட்டிப்போய் அத்தையிடம் விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டார்.

"பரிச்சை அடுத்த வருசமும் வரும்ளா. உசிரு இருந்தாத்தான எல்லாம்" என்றார்.

எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. அத்தை வீட்டுக்குப் போனால் திரும்பி வரவிட மாட்டார்கள். கல்யாணப் பேச்சு அங்கே ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் படித்த படிப்பு கொப்புளத்தோடு போய்விடும் என்று நினைத்து நான் அழுத அழுகையில் காய்ச்சல் இன்னும் ஏறியது.

சாயங்காலம் கைப்பையும் கைக்கடிகாரமுமாக வாசலில் வந்து நின்றவர் பதினேழு அக்கா. ஒரு நம்பருக்கு ஏதாவது சங்கடம் என்றால் பழைய நம்பருக்குச் சொல்லி அனுப்புவது வார்டனின் வழக்கமாம். எனக்கு அது அன்றுதான் தெரியும். வார்டன் அக்காவின் ஆபீசுக்கே போன் செய்திருக்கிறார். அக்கா அப்பாவிடம் சுற்றி வளைக்கவில்லை. தனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது, வீட்டில் குழந்தை இல்லை, பரீட்சை முடியும்வரை என்னைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று அப்பா கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா விக்டோரியா என்னும் குதிரை வண்டியைக் கூப்பிடப் போய்விட்டார்.

மாட்டுங்காவில் அது ஒரு மாடிக் குடியிருப்பு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அக்கா, அவருடைய கணவர், மாமியார் மூன்று பேர். மாமியார் மடி ஆசாரம் பார்க்கிறவர். வெங்காயம்கூட அந்த வாசற்படி தாண்டாது. நானோ கருவாட்டு வாசனையில் வளர்ந்த மளிகைக் கடைக்காரர் மகள். போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் நான் நிற்க, அக்கா மேலே போய்க் கதவைத் தட்டினார். மாமியாரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அம்மா, வாசல்ல அம்பாள் வந்து நிக்கறா. உள்ள வாங்கோன்னு சொல்றதா, போயிட்டு வாங்கோன்னு சொல்றதா? நீங்களே சொல்லிடுங்கோ."

மாமியார் வெளியே வந்து என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். யார், என்ன சாதி, எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, மார்க்கெட்டுக்குப் போய் வேப்பிலை வாங்கிவரும்படி மகனிடம் சொன்னார். அம்மனாக வந்தவளைப் போ என்று சொல்ல அவரால் முடியாது. அது தெரிந்துதான் மருமகள் அப்படிக் கேட்டிருக்கிறார்.

அன்று முதல் எனக்கு நடந்தது ராஜ உபசாரம். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பாய் போட்டார்கள். அந்த அறையிலேயே நல்ல இடம் அதுதான். வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று, வீட்டில் தாளிப்பது நின்றுபோயிற்று. அக்காவின் கணவர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தலையணையோடு வெளி வராந்தாவுக்குக் குடிபோனார். மாமியார் இளநீர் கொடுக்கும்போதுகூட "சாப்பிடுங்கோ" என்பார். சாயங்காலம் விளக்கேற்றி என் முன்னால் கைகூப்பி நிற்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கூச்சமாக இருந்தது. அவர் கும்பிடுவது என்னை இல்லை, என் மேல் வந்திருப்பவளை என்பது புரியாத வயதில்லையே எனக்கு.

ஆபீசிலிருந்து வந்ததும் அக்கா என் பாடங்களை உரக்கப் படிப்பார். எனக்குக் கண் எரியும் என்பதால் நான் கேட்டுக்கொண்டு மட்டும் கிடந்தேன். நதிகளையும் கனிமங்களையும் அவர் வாசிப்பதைக் கேட்டால் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பதுபோலவே இருக்கும். பரீட்சை தொடங்கியதும் விக்டோரியாவில் என்னைக் கூட்டிப்போனார். தனி அறையில், மூக்கில் கைக்குட்டை கட்டிய ஒரு மேற்பார்வையாளர் முன்னால், மொழிப் பாடங்களையும் சரித்திரத்தையும் எழுதி முடித்தேன். கடை அடைத்ததும் அப்பா தினமும் வந்து எதிர்ப்புற நடைபாதையில் நிற்பார். நான் ஜன்னல் வழியே கையைக் காட்டினால் போய்விடுவார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு தண்ணீர் ஆகிவிட்டது. மூன்றாம் தண்ணீர் விட்டால் அம்மன் இறங்கிவிடுவாள். ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் அதற்கப்புறம்தான். பொருக்கு உதிர்ந்து முடியும்வரை போர்டிங்கிலும் சேர்க்க மாட்டார்கள். பக்கத்துக் குடித்தன அம்மாள் ஒருநாள் வராந்தாவில் நின்று மாமியாரிடம், மூன்றாம் ஜலம் ஆனதும் அந்தப் பெண் போய்விடுவாள் இல்லையா என்று கேட்டது என் காதில் விழுந்தது. மாமியார் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் தண்ணீர் அன்று எனக்குப் பரீட்சை இல்லை. அக்கா தலைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அவசரமாக ஆபீசுக்குப் போய்விட்டார். மாமியார் தயிர்சாதமும் பானகமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். வாசல் வேப்பிலையை அவிழ்த்தார். பாயைச் சுருட்டி, நான் படுத்திருந்த இடத்தைக் கழுவிக் கோலம் போட்டார். ஈரத் தலையோடு நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். மாடி ஏறி வந்தவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "போன்னு அவுக சொல்லுததுக்கு முன்னால நாமளா கெளம்பிரணும்ளா" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கணக்குப் புத்தகம் பெட்டிக்குள் அடங்காமல் கையில் இருந்தது.

மாமியார் வந்து பார்த்தார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆத்தா நல்லபடியாக இறங்கிவிட்டாள், உங்களுக்கு நிறையத் தொந்தரவு கொடுத்துவிட்டோம், பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். மீதிப் பரீட்சை என்ன ஆவது என்று மாமியார் கேட்டார். பாதி எழுதியாயிற்று, கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்றார் அப்பா.

மாமியார் அப்பாவைப் பார்த்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"அம்பாள் வந்தா, இருந்தா, போயிட்டா. பரீட்சை அவளுக்கா, இந்தப் பொண்ணுக்கா?"

மாமியார் என் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்காத குரலில் சொன்னார்: "ஏண்டி, நாளன்னிக்குப் பரீட்சையை வெச்சுண்டு வாசல்ல என்ன வேடிக்கை? பெட்டியைக் கொண்டு உள்ள வை. தலையை நன்னாத் துவட்டு."

அப்பா மாடிப்படியிலேயே உட்கார்ந்து துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பெட்டியோடு உள்ளே போனேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. 'சாப்பிடுங்கோ' என்ற வாயால் 'டி' போட்டுத் திட்டினாரே, அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். நான் பழைய இடத்துக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே கணக்கு சூத்திரங்களை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தப்பும் தவறுமாகச் சொல்லாதே என்று மாமியார் சமையல்கட்டிலிருந்து அதட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பழைய மாணவிகள் தினத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் இருவருக்கும் ஒரு புதிய பதினேழு பரிமாறினாள். மூன்றாம் தண்ணீருக்கு அப்புறம் என்னை என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"அதுக்கு மேல எனக்கு யோசனையே இல்லடி. அன்னிக்குப் பூரா ஆபீஸ்ல தப்புத் தப்பா லைன் குடுத்தேன்" என்றார் அக்கா.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. கடைசிவரை மாமியார் என்னைச் சமையல்கட்டுக்குள் விடவில்லை. என் தட்டு தனி. நானே கழுவி ஜன்னலோரம் கவிழ்த்துவைப்பேன். அன்று அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இன்று நினைத்தால் உறுத்துகிறது. ஆனால் விஞ்ஞானப் பரீட்சை அன்று காலையில் அந்தத் தட்டில் விழுந்த சாதம் சூடாக இருந்தது, நெய்யும் இருந்தது. இரண்டும் உண்மைதான். நான் பாஸானேன், பிறகு டீச்சர் டிரெயினிங் படித்தேன், வேலை பார்த்து ஓய்வும் பெற்று இப்போது பம்பாய்க்கு வெளியே டோம்பிவிலியில் இருக்கிறேன்.

ஒரு வீட்டில் அம்மனாக இருந்து கும்பிடு வாங்கிய கதையை என் பேத்திகளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வேன். ஆனால் அம்மன் போன பிறகு, வடு விழுந்த முகத்தோடு வெறும் கடைக்காரர் மகளாக அங்கே இருந்த அந்தச் சில நாட்களைப் பற்றிச் சொல்ல வரும்போது மட்டும் கதையை அங்கேயே விட்டுவிட்டு, அவர்களுக்குச் சூடாகச் சாதம் போட எழுந்துவிடுவேன்.