நாலு மணி அம்மா

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. சுகிர்தம் இன்றைக்கும் மேலகரத்தில்தான் இருக்கிறாள். இதில் ஒரு சொல் பொய்யென்று அவள் சொல்லட்டும், அதற்கப்புறம் நான் பேனாவைத் தொடமாட்டேன்.

1982, ஜூலை மாதம். குற்றாலத்தில் சீசன். சுகிர்தம் தென்காசி டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர். புருஷன் லாரி விபத்தில் போய் ஒன்றரை வருஷமாகியிருந்தது. நாலு வயது மகள் ரூபியைத் தவிர அவளுக்கு யாரும் கிடையாது. காலையில் பிள்ளையை மேலகரம் பால்வாடியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். பால்வாடி நாலு மணிக்கு முடிந்துவிடும். டூட்டி முடிய ஆறாகும். அதுவரைக்கும் ஆயா மாரித்தாய்தான் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருப்பாள். அருவியில் குளிக்க வந்த கூட்டமெல்லாம் ஊருக்கு டிரங்க் கால் போட்டு உயிரை எடுக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. நாலு மணியானால் போதும், பிள்ளை அழுகிறதோ என்னவோ என்று சுகிர்தத்துக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாரலில் நனைந்துகொண்டு அவள் மாரித்தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை.

"என்னம்மா, திரும்பவும் வருதீய?" என்றாள் மாரித்தாய்.

"ரூபி எங்க?"

"நாலு மணிக்கே நீங்கதான வந்து கூட்டிட்டுப் போனீய. இதே பச்சைச் சேலைதான கட்டியிருந்தீய."

சுகிர்தம் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பூட்டு, காலையில் போட்டபடியே தொங்கியது. சாவி அவள் கைப்பையில் இருந்தது.

கதவுக்கு உள்ளே ரூபி சிரித்துக்கொண்டிருந்தாள்...

திறந்தாள். பிள்ளைக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தது. இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. தட்டில் மிச்சமிருந்த சோற்றில் ஆவி பறந்தது. ஆனால் ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தால் அது சில்லென்று கிடந்தது.

"யாருட்டி வந்தா?"

"அம்மா."

"நான் இப்பத்தான வருதேன்."

"நீ ஆபீஸ் அம்மா. அது நாலு மணி அம்மா."

புதன்கிழமையும் அப்படியே நடந்தது. யார் வந்தாலும் பிள்ளையை விடாதே என்று அன்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். மாரித்தாய் பாவம், என்ன செய்வாள்? "பெத்தவளே வந்து கேக்கும்போது எப்பிடிம்மா குடுக்காம இருக்கது?" என்றாள்.

அன்று இரவு சுகிர்தம் சோறு ஊட்டப் போனாள். ரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ வேண்டாம். அவ நாளைக்கு என்னைய அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா. இனி அங்கனயே இருந்துக்கிடலாமாம்."

விடியும்வரை சுகிர்தம் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. காலையில் வேறு வழியில்லாமல் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போய் லீவு கேட்டாள். சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையை வீட்டிலேயே பூட்டி வைத்திருக்கலாமென்றால், பூட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? சொல்லாமல் போர்டை விட்டு எழுந்தால் வேலை போய்விடும். வேலை போனால் இரண்டு பேருக்கும் கஞ்சிக்கு வழியில்லை. ஆனாலும் பிள்ளையில்லாமல் கஞ்சி எதற்கு?

மணி மூன்று பத்து. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள்.

மூன்று ஐம்பதுக்குப் பால்வாடிக்குள் போய் ரூபியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்து நின்றாள்.

சாரல் நின்றிருந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை.

நாலு மணி.

யாரும் வரவில்லை...

ரூபி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு ஐந்து.

நாலு பத்து...

வரவில்லை.

பிள்ளை மெல்ல அவள் தோளில் தலையைச் சாய்த்தது. சுகிர்தம் நின்ற இடத்திலேயே விம்மி அழுதுவிட்டாள். அன்றிரவு அவள் ஊட்டிய சோற்றை ரூபி ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, வேலை போனால் போகட்டும் என்ற துணிச்சலோடு பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனாள். மெமோ தயாராக இருக்கும் என்று நினைத்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து போர்டில் உட்காரும் ஜாஹிரா பீவி மட்டும் அவள் கையைப் பிடித்துத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"நேத்து நான் எந்திரிச்சுப் போனப்புறம் என் போர்டை யாரு பாத்தா?" என்றாள் சுகிர்தம்.

"நீ எங்கட்டி போனே? ஆறு மணி வரைக்கும் எம்பக்கத்துலதான இருந்தே. ஒரு கால்கூட விடலியே."



ஜாஹிரா ரூபியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேளை, புள்ள கெடைச்சுட்டு. நாலு மணிலேருந்து நீ அழுத அழுகையை என்னால பாக்க முடியல. 'எம் புள்ளைய என்னை மாதிரியே ஒருத்தி வந்து தூக்கிட்டுப் போயிட்டா'ன்னு சொல்லிச் சொல்லி அழுதே."