ஆடிக்காற்றுக்கு அழியாத கோடு

டிரில் மாஸ்டர் வேலைக்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை என்று நம்பித்தான் அதில் சேர்ந்தேன். அறுபதுகளில், மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. தற்காலிக வேலை. ஆடி மாதச் சடுகுடு மேட்ச் ஒழுங்காக நடந்தால் நிரந்தரம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி.

எனக்கு விளையாட வராது. கோடு போட வரும். ஓட்டத்துக்கு லேன், வளையப்பந்துக்குக் கட்டம், சடுகுடுவுக்கு நடுக்கோடு, பாடிப் போகிறவன் தாண்டியாக வேண்டிய பால்க் லைன், பக்கவாட்டில் லாபி என்கிற ஒதுக்குப்பட்டை. கயிறு பிடித்துச் சுண்ணாம்பைத் தூவினால் முடிந்தது. ஆனால் காலையில் போட்ட கோட்டை ஆடிக்காற்று மதியத்துக்குள் சோளக்காட்டில் சேர்த்துவிடும். ஒருமுறை எல்லைக்கோடே பறந்துபோய், துரத்தப்பட்ட பையன் தலைமையாசிரியர் அறைவரை ஓடி, “இன்னும் உள்ளதானுங்க சார் இருக்கேன்” என்றான்.

பள்ளிக்குப் பக்கத்துச் சாயப்பட்டறை மேஸ்திரி மாரப்பனிடம் புலம்பினேன்.

“மிச்சச் சாயத்தண்ணி கெடக்குதுங்க மாஸ்டர். கருநீலம். பூவாளியில ஊத்திக் கோடு போடுங்க. எந்தக் காத்துக்கும் அசையாதுங்க.”

“துணியில பட்டுட்டா?”

“உப்பும் சூடும் இல்லாம சாயம் துணியில நிக்காதுங்க. அலசுனாப் போயிரும்.”

மேட்ச் அன்று கோடுகள் அச்சடித்த மாதிரி இருந்தன. தாளாளர் எங்கள் அணிக்குப் புது வெள்ளைப் பனியன்கள் கொண்டுவந்தார். எதிரணியோடு வந்தவர்களிடம், “வெள்ளைன்னா இப்படி இருக்கோணுமுங்க” என்று ஒன்றை விரித்தும் காட்டினார்.

அன்று பார்த்துக் காற்று நின்றுவிட்டது. உச்சி வெயில். பையன்களுக்கு வேர்வை ஊற்றியது. உப்பு வந்துவிட்டது, சூடு ஏற்கெனவே மேலே இருந்தது. பிடித்து மடக்குகிற ஆட்டம், ஒருவன் பாக்கியில்லாமல் மண்ணில் புரண்டான். கேப்டன் முதுகில் பால்க் லைன் முழுசாகப் பதிந்திருந்தது, நான் போட்ட கோணல் உட்பட.

ஜெயித்தோம். யாரும் கைதட்டவில்லை; எல்லாரும் தாளாளரைப் பார்த்தார்கள். அவர் கேப்டனின் பனியனைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் ஊற்றிக் கசக்கினார். மறுபடி கசக்கினார். நான் மனதுக்குள் டிரங்குப் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

“மாஸ்டர், இது எந்தப் பட்டறைச் சாயமுங்க?”

மேட்ச் பார்க்க வந்து ஓரமாக நின்ற மாரப்பனைக் காட்டிக்கொடுத்தேன். தாளாளர் அவர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மேஸ்திரி, நம்ம கலர் சரக்கு ஒரே துவைப்புல வெளுக்குதுன்னு கடைக்காரன் திருப்பி அனுப்பறான். இது கசக்கினாலும் போகமாட்டேங்குதுங்களே. இதே மாதிரி போட்டுத் தருவீங்களா?”

மாரப்பன் தலையைச் சொறிந்தார். “தரலாமுங்க. ஒவ்வொரு பனியனையும் யாராவது போட்டுக்கிட்டுச் சடுகுடு ஆடோணுமுங்க.”

தாளாளர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் நான் நிரந்தரமானேன். கறை போகாத பனியன்களை முழுசாகவே கருநீலத்தில் முக்கி எடுத்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை பள்ளி அணியின் நிறம் அதுதான். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் அதற்கு ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாக நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது கோடு போட வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: அழியாத கோடு வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. எதன்மேல் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.