கூரை மேல் கிடந்த டயர்

விர்ஜில் ட்ராமல் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் டுகம்காரி வட்டாரத்தில் அவர் போர் போட்டுத் தண்ணீர் காட்டாத பண்ணை ஒன்று இருந்தால் யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். பட்டம் வாங்கியவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பாறையில் ஊற்றுக் கண்ணைத் திறந்த கை அது. வீடும் அவர் கட்டியது, கொட்டகையும் அவர் கட்டியது. எழுபது வயது தாண்டியும் ஒருத்தன் வாசலில் போய் ஒரு ஸ்பானர் இரவல் கேட்டதில்லை. அப்படி வாழ்வது லேசா?

அந்தக் கோடையில் அவர் மனைவி நார்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்திருந்தார்கள். தினமும் அமரில்லோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்வீச்சு, அவர்கள் பேச்சில் கரண்ட், வைத்துக்கொள்ள வேண்டும். போக வரவே பாதி நாள் ஓடிவிடும். நடுவில் நிறுத்தினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதிதான் முடிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், காரின் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து தரையோடு படுத்திருந்தது. ஸ்டெப்னியோ ஏற்கெனவே இன்னொரு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டயர் கடை திறக்கும் நேரத்துக்கு அவர்கள் அமரில்லோவில் இருந்தாக வேண்டும்.

விர்ஜில் ஏணியைச் சாத்தினார். அந்தப் பக்கத்துக் காற்றுக்குக் கூரைத் தகரம் நிற்காது. பாரத்துக்காக எல்லார் வீட்டு மேலும் பழைய டயர்கள் கிடக்கும். அவற்றில் ஒன்று அளவில் சரியாக இருந்தது. தரையில் படும் பட்டன் வரிகள் கொஞ்சமும் தேயவில்லை. கீழே உருட்டி, லிவர் போட்டு அவரே ரிம்மில் மாட்டி, காற்றும் அடித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஈலாய் பாக்கா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஓடி வந்தான்.

"பெரியவரே, இதையா மாட்டுறீங்க? இந்தாங்க, என் வண்டியில போயிட்டு வாங்க."

"பட்டன் தேஞ்சாத்தானடா வெடிக்கும்? இது ஓடவே இல்ல. குமரிப் பொண்ணு மாதிரி இருக்கு."

"குமரியா? பக்கத்துல பாருங்க, செஞ்ச வாரமும் வருஷமும் போட்டிருக்கு. பதினெட்டு வருஷமாச்சு! வெயில்ல ரப்பர் செத்துப்போயிருக்கும். அமுக்கினா வெடிப்பு வெடிப்பா வாயத் தொறக்குது."

"என் மூஞ்சியிலயும்தான் வெடிப்பு இருக்கு. நான் செத்தா போயிட்டேன்?"

காருக்குள்ளிருந்து நார்மா கத்தினாள்: "ரெண்டு பேரும் சீக்கிரம் பேசி முடிங்கய்யா. கரண்ட் மெஷின் எனக்காகக் காத்துக் கெடக்காது."

ஈலாய் நீட்டிய சாவியை விர்ஜில் வாங்கவில்லை.

அன்று ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது டயர் கடை திறந்துதான் இருந்தது.

"நிறுத்து, புதுசு மாத்திக்கலாம்" என்றாள் நார்மா.

"நல்லா ஓடுறத எதுக்கு மாத்தணும்?"

"அதுவும் சரிதான். அந்த நெனப்புலதானே என்னையும் இன்னும் மாத்தாம வச்சிருக்க!"

இருவரும் சிரித்தார்கள். கார் கடையைத் தாண்டிப் போயிற்று. மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. விர்ஜில் வேலியோரம் ஈலாயைக் கண்டபோதெல்லாம், "உன் செத்த ரப்பர் நேத்தும் அமரில்லோ போயிட்டு வந்துச்சுடா" என்று குத்திக்காட்டினார்.

வெள்ளிக்கிழமை தார் உருகும் வெயில். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு ஈடாக எழுபத்தைந்து மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் யாரோ தடியால் அடிப்பது போல் தட்தட் என்று கேட்டது. அடுத்த நொடி, பட்டன் பட்டை மொத்தமும் பாம்புச் சட்டை போல உரிந்துகொண்டு பறந்தது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்தபடி வண்டியைத் தானாகத் தளர விட்டிருக்க வேண்டும். விர்ஜில் பிரேக்கை அழுத்தி மிதித்தார். கார் சுழன்று, போகும் சாலைக்கும் வரும் சாலைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் போய் மோதியது.

அவருக்குக் கீறல்கூட இல்லை. நார்மாவின் இடது தோள் நொறுங்கியிருந்தது.

தோளைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் கழித்துக் கரண்ட் வைக்கும் அறைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, அசையாமல் படுத்தால்தான் மெஷின் வேலை செய்யும். நார்மாவின் இடது கை இடுப்பை விட்டு ஒரு சாண் எழும்பியது, அவ்வளவுதான்.

"கை ஏறாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஏறினதும் வாங்க" என்றாள் நர்ஸ்.

"ஏறலைன்னா?" என்று கேட்டார் விர்ஜில்.

நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் நார்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

இப்போது ஒவ்வொரு காலையும் சமையலறை நாற்காலியில் நார்மா உட்காருகிறாள். பின்னால் நின்று விர்ஜில் அவள் முழங்கையைத் தாங்கி மெல்ல மேலே தள்ளுகிறார். பாறைக்குள் இரும்பை இறக்கிய கை, இங்கே அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கிறது.

"எம்புட்டு வந்திருக்கு கிழவா?"

"நேத்தைக்கு மேல."

"பொய் சொல்லாத."

நார்மா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தூக்கினாள். கை தோள் உயரத்துக்கு வருமுன்பே நின்றுவிட்டது.