பின்னால் சத்தம் வந்தால் என் வேலை

வண்டியில் முன்னால் சத்தம் வந்தால் மெக்கானிக்குக்கு வேலை. பின்னால் வந்தால் மெக்கானிக் பொண்டாட்டிக்கு வேலை.

பழைய பிக்கப் வைத்துக்கொண்டு அல்லாடுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரைவர் சீட்டில் இருந்தால் இன்ஜின் இரைச்சலில் பின்சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. பின்னால் பாடியில் ஒரு ஆள் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். ஊட்டி பெர்ன்ஹில்லில் எங்கள் பட்டறையில் அந்த ஆள் நான்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிக் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். "அம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்று போனில் சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், பாசத்திலிருந்து.

பிஸ்மில்லா சொல்லி ஏறுவேன். சாக்கை மடித்துப் போட்டு, முந்தானையைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓதி எண்ணுகிற தஸ்பீ மணிமாலையோடு உட்காருவேன். சத்தம் வந்தால் கேபினின் பின்கண்ணாடியில் ஒரு தட்டு. எங்கள் ஊட்டுக்காரருக்கும் எனக்கும் அதுதான் ஏற்பாடு.

புதுசாக ஒரு சத்தம்

இத்தலார் கிராமத்துப் போஜண்ணன் கேரட் பயிர் போடுகிறவர். அவருடைய பிக்கப்புக்குக் கிட்டத்தட்ட என் மகள் வயசு. பின்னால் ஒரு "கொடக்", நடுவில் ஒரு "கிறீச்". அவர் மகன் ரகு கெடு வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போய்விடும், புது வண்டி வரும். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டி வந்தவர் மாதிரி அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். "புது வண்டிய அவன் என் கையில தருவானுங்களா பாய்? நான் பக்கத்துல உக்காந்து கதவப் புடிச்சிட்டுப் போகணும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

வண்டியை எங்கள் ஊட்டுக்காரர் எடுத்தார். அண்ணன் பக்கத்தில், நான் பின்னால். "கொடக்" என்றது, தட்டினேன். மறுபடி "கொடக்", மறுபடி தட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஓரங்கட்டி நின்றது. அண்ணன் வெளிறிய முகத்தோடு இறங்கி வந்தார். தட்டுகிற ஏற்பாட்டை அவரிடம் சொல்ல எங்கள் ஊட்டுக்காரர் மறந்திருக்கிறார்.

"பாயம்மா, நீங்க பின்னால நிம்மதியா உக்காந்திருக்கீங்க, இங்க என்ற முதுகுக்குப் பின்னால புதுசா ஒண்ணு டொக்கு டொக்குங்குது!"

கல்

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு கல் வைத்திருப்பார்கள். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டுமே. போஜண்ணனுக்கு ஒரு பழக்கம். கல்லை எடுத்துப் பாடியில் போட்டது மறந்து, அடுத்த தடவை நிறுத்துகிற இடத்தில் கிடைக்கிற கல்லை எடுத்துப் போடுவார். கிளம்பும்போது அதையும் தூக்கி உள்ளே போடுவார். பாடி மூலையில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம். "கொடக்" பிடிபட்டது.

எல்லாக் கல்லையும் ரோட்டோரத்தில் இறக்கினோம். பிறகு ஓட்டிப் பார்த்தால், சுபஹானல்லாஹ், "கொடக்" இல்லை. சந்தோஷத்தில் இத்தலார் ரோட்டு மேட்டிலேயே நிறுத்திவிட்டு இரண்டு ஆண்களும் இறங்கிக் கை கொடுத்துக்கொண்டார்கள். ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான். அண்டை கொடுக்க ஒரு கல்கூட இல்லை. வண்டி என்னை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. தெரிந்த துஆ எல்லாம் ஒரே மூச்சில் ஓதினேன். ஆண்டவன் ஒரு புல்மேட்டைக் குறுக்கே வைத்திருந்தான். அதில் போய்ச் சாய்ந்து நின்றது. அதுவரைக்கும் அண்ணன் கூடவே ஓடி வந்தார்.

"பாயம்மா, சத்தம் நின்னுருச்சு பாருங்க! வண்டிதான் நிக்க மாட்டேங்குது!"

வளைவில் மட்டும்

மறுநாள் லவ்டேல் ரோட்டில் போனோம். இப்போது புதிதாக ஒரு "டிக் டிக் டிக்". நேர் ரோட்டில் இல்லை, வளைவில் மட்டும். எங்கள் ஊட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. வளைவில் மட்டும் பின்னால் சத்தம் என்றால் பின் அச்சுக்குள் சுற்றுகிற கிரவுன் சக்கரத்தின் பல்லு போய்விட்டது என்று அர்த்தமாம். நாள் முழுக்க மல்லாந்து படுத்து அதைக் கழற்றினார். கிரீஸில் குளித்து வெளியே வந்தார். பல்லெல்லாம் நன்றாக இருந்தது. மாட்டினார், ஓட்டினார். "டிக் டிக் டிக்."

அடுத்த சுற்றில் போஜண்ணன் சம்சாரம் லட்சுமியக்கா, "நானும் கேக்கறேன்" என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வளைவு வந்தது, நான் பயத்தில் பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். தஸ்பீ இருக்கிற கை அது. மணி ஒவ்வொன்றும் இரும்பில் மோதியது. அக்கா என் கையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கிரீஸ் இன்னும் காயாத எங்கள் ஊட்டுக்காரரின் முதுகைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"பாயம்மா, நீங்க சாமிகிட்டப் பேசறத நிறுத்துனா வண்டியும் பேசறத நிறுத்திரும் போலங்க."

குதியுங்கள்

மிச்சம் அந்தக் "கிறீச்". நாளைக்கு ஞாயிறு. அதைத் தேடி ஊட்டி முழுக்கச் சுற்றினோம், ஓடும்போது பிடிகொடுக்கவில்லை. ரகு வேறு பைக்கில் பின்னாலேயே வந்தான், பிணத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. டீ குடிக்க நிறுத்தினோம். நான் இறங்கலாம் என்று இடுப்பை நகர்த்தினேன். அடியில் "கிறீச்".

"அசையாதே! இல்லை, அசை!" என்று கத்திக்கொண்டு எங்கள் ஊட்டுக்காரர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக் காதை வைத்தார். என் ஒருத்தி கனம் போதவில்லை. போஜண்ணன் ஏறினார், லட்சுமியக்கா ஏறினார். அதுவும் போதாமல் ரகுவையும் ஏற்றிவிட்டார். "குதிங்க!" என்றார். ரோட்டோரம் நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். கிறீச், கிறீச், கிறீச். ஸ்பிரிங் பட்டையை வண்டியோடு பிடிக்கிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்து தூளாகியிருந்தது. புதுசு மாட்டினால் தீர்ந்தது, அவ்வளவுதான் சங்கதி. நாங்கள் குதிப்பதை நிறுத்துவதற்குள் குரங்குக் குல்லா போட்ட டூரிஸ்ட் ஒருவர் காரை நிறுத்தி, போனை எங்கள் பக்கம் நீட்டினார்.

"ஷூட்டிங்கா சார்? ஹீரோ இன்னும் வரலையா?"

திருப்பிக் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ரகுவே பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றி வந்தான். ஒரு சத்தம் இல்லை. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அண்ணன் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதேன்.

இரண்டு நாள் கழித்து லட்சுமியக்கா ஒரு பை கேரட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. "அக்கா, வண்டிதான் பொழச்சிருச்சே?" என்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் "கொடக்" வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவிலேயே கேட்கும். கேட்டதும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார், போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தால் பேச்சை மாற்றுவார். நேற்று வண்டி பூனை மாதிரி வந்திருக்கிறது. புருஷனைப் பற்றி மகளிடம் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துத் திரும்பினால், புருஷன் கதவோரம் நிற்கிறார், முழுசும் கேட்டுவிட்டார். அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அக்கா.

"ரகு மறுபடியும் விக்கறேம்பானே அக்கா" என்று பயந்தேன். "அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். எங்கள் ஊட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். போஜண்ணன் பட்டறைக்கு வந்தபோது, பாடி மூலையில் நானே ஒரு கல்லை வைத்தேன். நல்ல உருண்டைக் கல்லாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அன்று சாயங்காலமே போன் வந்தது. பின்னால் பால் பொங்குகிற இரைச்சல்.

"கேட்டுருச்சுங்க பாயம்மா, வளைவுல வந்துட்டாரு, வெக்கறேன்!"

ஆகவே பழைய வண்டிக்காரர்களே, பின்சத்தத்தை ஒழிக்கப் புறப்படுமுன் அது வீட்டில் யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.